கல் பங்களா என்னும் பெயர்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டுக் கோயில் கற்றளி. அதனைச் சூழ்ந்த பழைய உழவர் மனைகளோ மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்டவை. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழ்ந்து கண்ட அரண்மனைச் சுவர்களும் செங்கல்லால் ஆனவையே. கருங்கல் பெரும்பாலும் கோயிலுக்கே உரியதாயிற்று.

இங்கிலாந்தின் காட்சுவோல்டுப் பகுதியிலோ உழவனும் கல்மனையில் வாழ்ந்தான். உழுநிலத்தின் அடியிலேயே சுண்ணாம்புக்கல் கிடைத்தமை அதற்குக் காரணம். கூரையும் கல்லே. ஈரம் உலராத கற்பாளங்களைப் பனிக்காலத்தில் வெளியே பரப்புவர். உள்நீர் உறைந்து விரிய, அவை மெல்லிய தகடுகளாய்ப் பிளவுறும். பெரியவை இறவாரத்திலும் சிறியவை முகட்டிலும் அமையும்.

அந்நாட்டவராகிய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822இல் உதகையிற் கல்மனை எடுக்கத் தொடங்கினார். மலைமக்கள் அதனைக் 'கல் பங்களா' என்றனர். உடையவர் பெயரை விடுத்துக் கட்டுபொருளாற் பெயரிட்டமை நோக்கற்பாலது. செங்கல், காரை முதலியவற்றால் ஆன வீடும் ஈழத்து வழக்கிற் 'கல்வீடு' எனப்படுமே எனின், உதகை மனை கல்லாலேயே எடுக்கப்பட்டது. அம்மலையிற் கல் பண்டு ஈமவட்டங்களுக்கு ஆயிற்று. தோடர் இல்லங்களோ மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு அமைந்தவை. ஆதலின், மாந்தர் கல்லினுள் குடியிருந்த புதுமையே இப்பெயருக்கு அடிப்படை என யாம் கருதுகின்றோம். அம்மனை உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இன்றும் உள்ளது.