நெய்யூர் டாக்டரும் எவரெஸ்ட்டும் நம் இரத்தமும்



நேற்று பேத்தி புத்தகத்தை நீட்டி, "தாத்தா, ஹீமோகுளோபின்னா என்ன?" என்றாள். சிவப்பணு, வெள்ளையணு, இரத்தத்தட்டு என்று வாய் தானாக ஒப்பித்தது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியதாயிற்றே! ஆனால் நெய்யூர் சாமர்வெல் டாக்டர் கதையை உங்கள் யாருக்கும் நான் சொன்னதில்லை. அது என் குறைதான்.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் இங்கிலாந்துக்காரர், அறுவை மருத்துவர். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தார். பனிச்சரிவில் சுமைதூக்கிகள் ஏழு பேர் இறந்த பயணம் அது. பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அன்றைய தென் திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிக் கூட்டத்தைக் கண்டார். ஊருக்குப் போய்விட்டு, இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார்.

1924-இல் மறுபடியும் எவரெஸ்ட். ஜூன் 4 அன்று நார்ட்டனும் இவரும் ஆக்சிஜன் உருளை இல்லாமலே ஏறினார்கள். தொண்டைக் கோளாறால் இவர் உட்கார்ந்துவிட, நார்ட்டன் மட்டும் சுமார் 8,570 மீட்டர் வரை போய்த் திரும்பினார். இறங்கும்போது சாமர்வெல்லுக்கு மூச்சே அடைத்துவிட்டது. நெஞ்சை அழுத்தி இருமியதில் தொண்டையின் உள்தோல் பிய்ந்து வெளியே வந்து, உயிர் பிழைத்தார்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் கன்னியாகுமரிக் கரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள், அவை பிடிப்பது நான்கு ஆக்சிஜன். மலையில் சில வாரம் தங்கினால் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டினைக் கூடுதலாகச் சுரக்கும். எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்கும். வெள்ளையணுவுக்கு நோயோடு சண்டை, தட்டுகளுக்கு இரத்தம் உறையவைக்கும் வேலை. மூச்சு விஷயத்தில் பாரம் முழுக்கச் சிவப்பணு தலையில்தான். சாமர்வெல் சும்மா ஏறவில்லை. 7,000 மீட்டரில் நுரையீரல் காற்றைச் சேகரித்து, 1925-இல் ஆய்வுக் குறிப்பும் எழுதினார்.

திரும்பி வந்த இடமோ நெய்யூர். வெறுங்காலோடு வயலில் இறங்கிய நம் ஆட்களின் பாதம் வழியாகக் கொக்கிப்புழு புகுந்து, குடலில் தங்கி இரத்தம் குடித்த காலம். இரும்பு போனால் ஹீமோகுளோபின் ஏது? கடல்மட்டத்தில் நின்றே மலை ஏறியவர்போல மூச்சு வாங்கினார்கள். என் அம்மாவும் அப்படித்தான். நாலு படி ஏறினால் திண்ணையில் சாய்ந்துவிடுவாள். "சோம்பேறி" என்று வீட்டில் ஏசுவார்கள், சின்ன வயதில் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது இரத்தசோகை என்று ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உங்கள் தாத்தா பாட்டி யாராவது சாமர்வெல் டாக்டரிடம் மருந்து வாங்கியிருந்தால் கீழே எழுதுங்கள் மக்களே. பேத்திக்கு வாசித்துக் காட்டணும்.