பிரெஞ்சு சிவப்பு ஒயின் பினாங்குக் காரத்துக்கு ஒத்துவருமா?

ஜார்ஜ்டவுனில் நண்பர் வீட்டு விருந்து. இலையில் ஆட்டுக்கறி பிரட்டல். பக்கத்தில் யாரோ வாங்கிவந்த பிரெஞ்சு சிவப்பு ஒயின். ஒரு மடக்கு குடித்ததும் நாக்கு எரிகிறது. ஒயின் கெட்டுப்போச்சா? இல்லை, காரத்துக்கும் ஒயினுக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

கலவை ஒயின் என்றால் என்ன?

பல வகைத் திராட்சைகளைச் சேர்த்துச் செய்வது. போர்தோ வட்டாரத்தில் கேபர்னே சோவினியோன், மெர்லோ இரண்டும் முக்கியம். தெற்கு ரோன் வட்டாரத்தில் கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர். பொதுவாக, கேபர்னே அதிகமுள்ள போர்தோவில் துவர்ப்பு தூக்கல். ரோனில் பழச்சுவை தூக்கல்.

ஏன் எரிகிறது?

பால் சேர்க்காத கெட்டித் தேநீர் குடித்தால் நாக்கு வறண்டு போகுமே, அதற்குக் காரணம் டானின். திராட்சைத் தோலிலும் விதையிலும் அது உண்டு. மிளகாயின் காரம், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே நரம்புகளைத்தான் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் கூடும்.

எதோடு எது சேரும்?

ஆட்டுக்கறி பிரட்டல்: கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும். மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டினால் ரோன் ஒயின் நன்றாகப் பொருந்தும். மிளகுக்கு வாசம் தரும் ரோட்டண்டோன் சிரா திராட்சையிலும் இருக்கிறது.

அசாம் லக்சா: வேண்டாம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனோடு சேர்ந்தால் கவிச்சி அடிக்கும்.

நாசி கண்டார்: பெரும்பாலும் முஸ்லிம்கள் நடத்தும் கடைகள். அங்கே பாட்டிலை எடுத்துக்கொண்டு போகாதீங்க.

எப்படிச் சுவைப்பது?

சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடிக்கணும் என்பார்கள். அது ஐரோப்பிய வீட்டு அறை. பினாங்கு அறை 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முன்னால் நிற்கும். குளிர்பெட்டியில் வைத்துக் குளிரவிடுங்கள். 16 டிகிரி அளவில் இருந்தால் நல்லது. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றி, முதலில் முகருங்கள். பிறகு சின்ன மடக்கு. அடுத்து ஒரு வாய் கறி, மறுபடி ஒரு மடக்கு. சுவை எப்படி மாறுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கவனிக்க வேண்டியவை

மலேசியாவில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதனால் குடிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தவரை வற்புறுத்தாதீங்க.

விருந்து முடிந்து பாலம் தாண்டிப் பிறைக்குப் போகணுமா? 2020-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்த ஆல்கஹால் வரம்பு இப்போது 50. அதை மீறி ஓட்டிச் சிக்கினால் அபராதமே 10,000 ரிங்கிட்டில் தொடங்கும், சிறையும் உண்டு. 'ஒரு கிளாஸ்தானே' என்று கணக்குப் போடாதீங்க. குடித்தால் சாவியைக் குடிக்காதவரிடம் கொடுங்கள்.