மெக்லெல்லன் சேணம்

மெக்லெல்லன் சேணம்: அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குதிரைப்படையினர் 1859 முதல் உபயோகித்துவந்த இராணுவச் சேணம். கிரிமிய யுத்த காலத்தில், 1855-56ஆம் ஆண்டுகளில், ஐரோப்பிய சேனைகளின் அமைப்பை ஆராய்ந்துவர அனுப்பப்பட்ட மூவர் குழுவில் ஒருவராகிய ஜார்ஜ் பி. மெக்லெல்லன், திரும்பி வந்தபின் வகுத்தளித்த இது, அவர் பெயராலேயே பிரசித்தியடைந்தது. மரச்சட்டத்தின்மேல் பச்சைத்தோலை இறுகப் போர்த்தி, குதிரையின் முதுகெலும்பில் பாரம் அழுந்தாமலும் காற்று நுழைந்து வெப்பம் தணியுமாறும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு அமைத்தமையே இதன் விசேஷ லட்சணமாகும். வீரனின் பாதத்தைக் காக்கும் தோலுறையிட்ட மர அங்கவடிகள் இதனோடு இணைந்தவை.

இச்சேணத்துடன் பெரும்பாலும் பூட்டிய கடிவாளம் நெம்புகோல் தத்துவத்தைச் சார்ந்தது; வாயிரும்பின் இருபுறமும் தாழ்ந்திறங்கும் தண்டுகளின் நுனியில் கட்டிய வாரை வீரன் ஒரு கையால் இழுத்த மாத்திரத்தில், தாடையின்கீழ் செல்லும் சங்கிலியோ தோற்பட்டையோ இறுகிக் குதிரை அடங்குமாதலால், மற்றொரு கை ஆயுதத்துக்கு உரியதாயிற்று. உள்நாட்டு யுத்தத்தில் (1861-65) பெருவழக்குப் பெற்ற இச்சேணம், சிற்சில திருத்தங்களுடன், குதிரைப்படை யந்திர வாகனங்களுக்கு இடங்கொடுத்து மறைந்த இரண்டாம் உலக யுத்த காலம்வரை நிலைபெற்றிருந்தது.