சிறுமலர் ஆலயத்தின் வானொலிக் குரல்

போன வருடம் தவக்காலத்தில் அம்மா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஊரிலிருந்து அத்தை அனுப்பிய குரல்பதிவு. குருவானவர் ஒருவர் பேசுகிறார். தெளிவான குரல், நல்ல தமிழ். முதல் இரண்டு நிமிடம் விலைவாசி, வேலையில்லாத பிள்ளைகள், குடும்ப செபமாலை. அதற்குப் பிறகு இன்னொரு மதத்துக்காரர்களைப் பற்றிக் காது கூசும் பேச்சு. நான் பாதியில் நிறுத்திவிட்டு, “இதெல்லாம் பொய்ம்மா” என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“எய்யா, சாமியே சொல்லுதாவ. பொய்யாவா இருக்கும்?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு நினைவுக்கு வந்தவர் அமெரிக்காவின் ஒரு பங்குச் சாமியார், சார்லஸ் காக்லின். அரசியல், விசுவாசம், ஊடகம் மூன்றையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்த முதல் கத்தோலிக்கக் குரு அவர்தான் என்று சொல்லலாம். அவருடைய கதையைக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கேள்விக்கான பதில் அதில் எங்கோ இருக்கிறது என்று தோன்றியது.

காக்லின் 1891இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் பிறந்தார். தொழிலாளர் உரிமை பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டதும் அதே வருடம்தான். 1916இல் குருப்பட்டம். 1926இல் டெட்ராய்ட் ஆயர் மைக்கேல் காலகர் அவரை ராயல் ஓக் என்ற புறநகருக்கு அனுப்பி ஒரு புதுப் பங்கைத் தொடங்கச் சொன்னார். கோவிலுக்கு வைத்த பெயர் நம்மூர்க்காரர்களுக்கும் பழக்கமானது: சிறுமலர் ஆலயம். குழந்தை இயேசுவின் தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த இடத்தில் கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர்தான். கூ க்ளக்ஸ் கிளான் கறுப்பின மக்களை மட்டும் வெறுத்த கூட்டம் என்று நாம் நினைக்கிறோம். 1920களில் அவர்கள் கத்தோலிக்கர்களையும் யூதர்களையும் அதே அளவுக்கு வெறுத்தார்கள். மிச்சிகனில் அவர்களுக்கு நல்ல பலம் இருந்தது. புதுக் கோவிலின் முன்னால் அவர்கள் ஒரு சிலுவையை நட்டுக் கொளுத்தினார்கள் என்று காக்லின் பிற்பாடு பலமுறை சொன்னார். கோவிலுக்கு ஆளும் இல்லை, கடனும் ஏறுகிறது. டெட்ராய்ட்டின் டபிள்யூஜேஆர் வானொலி நிலையத்தின் மேலாளர் ஒரு கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரம் ஒதுக்கித் தந்தார். 1926 அக்டோபர் 17 அன்று காக்லின் முதல்முறையாக ஒலிவாங்கியின் முன் நின்றார்.

முதல் சில வருடங்கள் குழந்தைகளுக்கான மறைக்கல்விதான் பெரும்பாலும். குரல் நன்றாக இருந்தது. ‘ர’கரத்தை உருட்டி, வேண்டிய இடத்தில் தாழ்த்தி, வேண்டிய இடத்தில் உயர்த்திப் பேசுவார். பழைய ஒலிப்பதிவுகளை இன்றும் கேட்கலாம். கேட்டால் புரியும், அது மேடைக்கான குரலே இல்லை, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே அடி ரொம்பவும் பலமாக விழுந்தது. காக்லினின் பேச்சு மாறியது. வேலை இழந்தவனைப் பற்றிப் பேசினார், வங்கிக்காரர்களைத் திட்டினார், ‘ரேரும் நோவாரும்’ மடலை விரித்துப் படித்தார். கூலிக்காரனுக்கு நியாயமான சம்பளம் வேண்டும் என்பது தன் கருத்து அல்ல, திருச்சபையின் போதனை என்றார். அது உண்மையும்கூட. 1930இல் சிபிஎஸ் நிறுவனம் அவருடைய பேச்சை நாடு முழுக்க எடுத்துச் சென்றது. அவர் உச்சத்தில் இருந்தபோது 3 கோடிப் பேர் வரை கேட்டதாக மதிப்பிடுகிறார்கள். அன்றைக்கு அமெரிக்காவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 12 கோடிதான்.

1931 தொடக்கத்தில் சிபிஎஸ் அவரிடம் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொன்னது. அவர் அந்த வாரம் ஒலிவாங்கியின் முன் நின்று, தன் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று நேயர்களிடமே சொல்லிவிட்டார். கடிதங்கள் குவிந்தன. ஒப்பந்தம் முடிந்ததும் சிபிஎஸ் அதைப் புதுப்பிக்கவில்லை. காக்லின் கவலைப்படவில்லை. தனித்தனி நிலையங்களில் நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி, தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்து, சொந்தமாக ஒரு வலைப்பின்னலை உருவாக்கினார். அந்தக் காசு நேயர்கள் உறையில் போட்டு அனுப்பிய ஒரு டாலர், அரை டாலர். அந்தப் பணத்தில்தான் ராயல் ஓக்கின் உயரமான கோபுரமும் அதன் முகப்பில் பெரிய பாடுபட்ட சுரூபமும் எழும்பின. கிளான்காரர்கள் சிலுவையைக் கொளுத்தினார்கள், நாங்கள் எரிக்க முடியாத கல் சிலுவையைக் கட்டினோம் என்பது அதன் பொருள்.

இந்த இடம்வரை படிக்கும்போது எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது, மறைக்கவில்லை. சிறுபான்மையாக இருந்து அவமானப்பட்ட ஒரு கூட்டத்துக்கு வந்து சேர்ந்த குரல் அது. நானும் அந்தக் காலத்தில் டெட்ராய்ட்டில் வேலை இழந்து உட்கார்ந்திருந்தால் ஒரு டாலர் அனுப்பியிருப்பேன்.

ஆனால் அந்த டாலர்தான் அவரை மாற்றியது என்பது என் எண்ணம். சிபிஎஸ்ஸின் தயவு அவருக்குத் தேவையில்லை. மற்ற ஆயர்களின் தயவும் தேவையில்லை. அவர் யாருக்காவது கட்டுப்பட்டிருந்தார் என்றால், வாராவாரம் வருகிற அந்த உறைகளுக்குத்தான். சாந்தமான பேச்சுக்கு உறை குறையும், சூடான பேச்சுக்குக் கூடும். இது யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டிய கணக்கு அல்ல.

1932 தேர்தலில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தார். ரூஸ்வெல்ட்டா நாசமா என்பது அவர் கொடுத்த கோஷம். வெள்ளியைப் பணமாக்க வேண்டும் என்று விடாமல் பேசினார். 1934இல் வெள்ளியில் முதலீடு செய்தவர்களின் பட்டியலை அமெரிக்க நிதித்துறை வெளியிட்டபோது, அவருடைய செயலாளரின் பெயரில் 5 லட்சம் அவுன்ஸ் இருந்தது தெரியவந்தது. அவருடைய வானொலிச் சங்கத்தின் பணம் அது. நேயர்கள் அதையும் மன்னித்தார்கள். 1935 ஜனவரியில் உலக நீதிமன்றத்தில் அமெரிக்கா சேரக் கூடாது என்று பேசினார். செனட்டர்களுக்குத் தந்திகள் மலைபோல வந்தன. 52க்கு 36 என்று வாக்குகள் விழுந்து, தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. ஒரு பங்குச் சாமியார் ஜனாதிபதியைத் தோற்கடித்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு.

அதற்கு அடுத்த வருடம் அவரே மூன்றாவது கட்சி ஒன்றைக் கிளப்பினார். கிளீவ்லாந்து மாநாட்டில் அங்கியையும் கழுத்துப் பட்டையையும் கழற்றி வைத்துவிட்டு ரூஸ்வெல்ட்டைத் துரோகி, பொய்யர் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். அவருடைய வேட்பாளர் வில்லியம் லெம்கேவுக்குக் கிடைத்தது சுமார் 9 லட்சம் வாக்குகள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். வானொலியில் கேட்டவர்கள் எல்லாம் வாக்குச்சீட்டில் அவர் சொன்னபடி கேட்கவில்லை.

ஆள் அங்கே அடங்கியிருக்க வேண்டும். சில வாரம் அடங்கவும் செய்தார். ஆனால் 1937 தொடக்கத்தில் திரும்பி வந்தபோது பழைய கூட்டம் சுருங்கியிருந்தது. மிச்சம் இருந்தவர்கள் கோபம் மிகுந்தவர்கள். அவரும் அவர்களுக்கேற்ற சரக்கைத் தேடினார். முன்பு ‘வங்கிக்காரன்’ என்றார், இப்போது ‘யூத வங்கிக்காரன்’. முன்பு ‘கம்யூனிஸ்ட்’ என்றார், இப்போது ‘யூதக் கம்யூனிஸ்ட்’. 1938இல் தன்னுடைய ‘சோஷியல் ஜஸ்டிஸ்’ வாரப் பத்திரிகையில், யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற புரட்டு ஆவணத்தை அச்சிட்டார். அது மோசடி என்று லண்டன் ‘டைம்ஸ்’ 1921லேயே ஆதாரத்தோடு காட்டியிருந்தது.

அந்த நவம்பர் 9ஆம் தேதி இரவு ஜெர்மனியில் நூற்றுக்கணக்கான யூத ஜெபக்கூடங்கள் எரிந்தன. கடைகள் நொறுக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நவம்பர் 20 ஞாயிறு அன்று காக்லின் பேசினார். வன்முறையை ஆதரிக்கவில்லை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே, நாசிசம் கம்யூனிசத்துக்கு எதிரான ஒரு தற்காப்பு என்று விளக்கினார். ரஷ்யப் புரட்சியை யூதர்கள் தலையில் கட்ட நாஜிப் பிரசுரங்களிலிருந்து பட்டியல் எடுத்துப் படித்தார். தன் கோவிலின் வாசலில் சிலுவை எரிந்த கதையைச் சொல்லியே வளர்ந்தவர், அடுத்தவனின் கோவில் எரிந்ததற்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவில் குரல் பதறவில்லை. அதே திண்ணைக் குரல்தான்.

அம்மாவின் கேள்வி எனக்கு இங்கேதான் உறைத்தது. சாமியே சொல்கிறாரே.

ஆனால் வேறு சாமிகளும் சொல்லியிருந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் திருத்தந்தை பதினோராம் பயஸ் பெல்ஜியத் திருப்பயணிகளிடம், கிறிஸ்தவர்கள் யூத வெறுப்பில் பங்கெடுக்க முடியாது, ஆன்மிகத்தில் நாமும் செமித்தியர்களே என்று கண் கலங்கச் சொன்னார். நவம்பர் 16 அன்று, காக்லின் பேசுவதற்கு நாலு நாள் முன்பு, அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த வானொலி நிகழ்ச்சியில் சான் பிரான்சிஸ்கோ பேராயர் ஜான் மிட்டியும், பெரிய கட்சி ஒன்றின் சார்பில் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற முதல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித்தும் ஜெர்மனியின் வன்முறையைக் கண்டித்தார்கள். அதுவும் நாடு முழுக்க ஒலித்தது. டிசம்பரில் சிகாகோ கர்தினால் மண்டலைன், காக்லினுக்குத் திருச்சபையின் பெயரால் பேச அதிகாரம் இல்லை என்று அறிக்கை விட்டார்.

அதே சபை, அதே ஊடகம், அதே வாரம். இருந்தும் காக்லின் பெயரைத்தான் மக்கள் ஞாபகம் வைத்தார்கள். மற்றவர்கள் ஒருநாள் வந்து அறிக்கை வாசித்துவிட்டுப் போனார்கள். அவரோ பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அவர்களுடைய வரவேற்பறைக்கு வந்துகொண்டிருந்தவர். பசித்தபோது பசியைப் பற்றிப் பேசியவர். முதலில் சொன்ன உண்மையின் கடனுக்காகக் கடைசியில் சொன்ன பொய்யையும் வாங்கிக்கொண்டார்கள்.

அவருக்கு முகம் கொடுத்துப் பதில் சொன்ன குரு ஒருவர் உண்டு: ஜான் ரயன். நியாயமான கூலி பற்றி இவருக்கு இருபது வருடம் முன்பே புத்தகம் எழுதியவர், பேராசிரியர். 1936 அக்டோபரில் வானொலிக்கு வந்து, காக்லினின் பொருளாதாரம் தவறு, அவர் காட்டும் கம்யூனிசப் பூச்சாண்டி பொய் என்று விளக்கினார். 1938 கடைசியில் யூத வெறுப்பையும் எதிர்த்து எழுதினார். அதே சுற்றுமடலைக் கையில் வைத்துக்கொண்டு வேறு முடிவுக்கு வந்தவர் அவர். காக்லின் அவரை ‘ரைட் ரெவரெண்ட் நியூ டீலர்’ என்று கேலி செய்தார். நேயர்கள் ரயனுக்கு வசைக் கடிதங்கள் எழுதினார்கள்.

காக்லினின் வாயை மூடியது வாதம் அல்ல. நியூயார்க்கின் டபிள்யூஎம்சிஏ நிலையம் அவர் பேச்சை நிறுத்தியது. அதன் வாசலில் ஆதரவாளர்கள் ஞாயிறுதோறும் மறியல் செய்தார்கள். 1939இல் வானொலி நிறுவனங்களின் சங்கம், சர்ச்சைக்குரிய விஷயங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு நேரம் விற்பதில்லை என்று விதி செய்தது. 1940இல் அவர் வானொலியை விட்டார். 1942இல் போர் நடக்கும்போது அரசாங்கம் பத்திரிகையின் தபால் சலுகையைப் பறித்தது. ஒரு குருவை நீதிமன்றத்தில் நிறுத்தினால் வம்பு என்று, அட்டர்னி ஜெனரல் ஃபிரான்சிஸ் பிடில் டெட்ராய்ட் பேராயர் எட்வர்ட் மூனியிடம் ஆளனுப்பினார். ஆதரவாக இருந்த காலகர் 1937லேயே இறந்துவிட்டார். மூனி ஒரே வார்த்தையில் முடித்தார்: எல்லாவற்றையும் நிறுத்து, இல்லையென்றால் குருத்துவப் பணியை நிறுத்துவேன். காக்லின் கீழ்ப்படிந்தார்.

பிறகு 24 வருடம் அதே சிறுமலர் ஆலயத்தில் பூசை வைத்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், கல்யாணம் நடத்தினார். 1966இல் ஓய்வு. 1979இல், 88 வயதில் இறந்தார். கோவில் இன்று பசிலிக்கா.

எனக்கு இடறுவது அந்த 24 வருடம்தான். ஆயர் சொன்னதும் நிறுத்தினார், சரி. பொய் என்று தெரிந்து நிறுத்தினாரா? கீழ்ப்படிதல் ஒரு புண்ணியம் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே கற்பித்தார்கள். ஆனால் நேயர்கள் தரப்பிலிருந்து பாருங்கள். ஒரு ஞாயிறு அந்தக் குரல் இருந்தது, பிறகு இல்லை. சொன்னது தவறு என்று அந்தக் குரலே அவர்களிடம் சொல்லவில்லை. எத்தனை வீடுகளில் அந்தப் பொய் அப்படியே தங்கியிருக்கும்!

இதையெல்லாம் சுருக்கி அம்மாவிடம் சொன்னேன். கிழங்கு உரித்தபடியே கேட்டாள். சிறுமலர் பெயரைச் சொன்னதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைசியில் கேட்டாள்:

“அவிய பெறகு மன்னிப்பு கேட்டாவளா?”

“பகிரங்கமா கேக்கலம்மா.”

“பாவசங்கீர்த்தனத்துல சொல்லியிருப்பாவ.”

“சொல்லியிருக்கலாம். ஆனா பொய்ய ரேடியோவுலல்லா சொன்னாரு?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். அந்தக் குரல்பதிவை அழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. அத்தையின் எண்ணைத் தேடிக்கொண்டே சொன்னாள்:

“ஒங்க அத்த இத ஊர் பூரா அனுப்பியிருப்பா. இந்தக் கதைய அவகிட்ட நீயே சொல்லு. இரு, போட்டுத் தாரேன்.”