பச்சை நாக்கு

1950களின் நடுப்பகுதி தொட்டு யப்பானில் வயிற்றுநோய் கண்டோர் பலரின் கால்கள் மரத்தன. சிலர் பார்வையும் இழந்தனர். தொற்றுநோய் என்ற ஐயம் பரவவே நோயாளரை ஊரும் ஒதுக்கியது.

உண்மைக்கு வழிகாட்டியது அவர்தம் நாக்கிற் படிந்த பச்சை நிறம். கிளியோக்குயினோல் என்னும் மருந்து இரும்போடு கூடியதால் விளைந்த நிறம் அது! அமீபா வயிற்றளைச்சலுக்குரிய அம்மருந்தைச் சாதாரண வயிற்றோட்டத்துக்கும் அளவும் நாளும் பாராது கொடுத்து வந்தனர். மருந்தே வயிற்றுவலியை விளைத்தது. வலிக்கு மீண்டும் அதே மருந்து!

நீகாட்டாப் பல்கலைக்கழகத்துச் சுபாக்கி தடாவோ 1970இல் இதனைச் சுட்டினார். செப்டெம்பரில் விற்பனை நின்றது; புதிய நோயாளர் தொகையும் சடுதியில் வீழ்ந்தது. அதற்குள் பாதிக்கப்பட்டோர் 10,000 பேர் வரை.

இதனை வெறும் அறியாமையென நாம் கொள்வதற்கில்லை. யப்பானில் நிறுத்திய பின்னரும் சீபா-கைகி நிறுவனம் பிறநாடுகளில் அம்மருந்தை 1980களின் நடுப்பகுதிவரை விற்றே வந்தது.