தீவனத்திற் கலந்த மருந்து: சுவான் அறிக்கையும் அதன் பின்வந்த காலமும்

மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் புதிய மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியையே விரித்துரைப்பர். கண்ட மருந்து எவ்வாறு செலவிடப்பட்டது, அதன் ஆற்றல் குன்றத் தொடங்கியபோது அறிஞரும் வணிகரும் அரசினரும் யாது செய்தனர் என்பன அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. நுண்ணுயிரெதிரி மருந்துகள் கால்நடைத் தீவனத்திற் கலக்கப்பட்ட வரலாறு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தொடங்கிய அவ்வழக்கம் தீங்கு பயக்கவல்லது என்பதற்கான அடிப்படை அறிவு 1960களிலேயே கிடைத்துவிட்டது. ஆயினும், தீவனத்தில் வளர்ச்சியூக்கிகளாக இம்மருந்துகளைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முற்றாக விலக்கியது 2006ஆம் ஆண்டிலேயாம். அறிவு தோன்றிய காலத்திற்கும் செயல் நிகழ்ந்த காலத்திற்குமிடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுண்ணுயிரெதிரி மருந்துகளுள் யாவரும் அறிந்தது, 1928ஆம் ஆண்டில் இலண்டன் சென் மேரி மருத்துவமனையில் அலெக்சாந்தர் பிளெமிங் கண்ட பெனிசிலினாகும். அம்மருந்து பொதுமக்கள் கைக்கு எட்டுமுன்னரே அதனை வெல்லும் வழியும் கிருமிகளிடத்து உண்டென்பது தெரியவந்தது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியமொன்றைச் சில பற்றீரியாக்கள் ஆக்குகின்றன என ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த ஏபிரகாம், செயின் ஆகிய இருவரும் 1940ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1945ஆம் ஆண்டில் நோபெற் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், கிருமியைக் கொல்லப் போதாத சிற்றளவு மருந்தை உட்கொள்ளின் அக்கிருமி எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் எனப் பிளெமிங் தாமே எச்சரித்தார். இவ்வாற்றல் பெருகும் முறை அறிதற்கு எளிதே. கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்தைத் தாங்கவல்ல சில தற்செயலாக இருத்தல் கூடும். மருந்து ஏனையவற்றை அழித்துவிட, எஞ்சிய அச்சிலவே பெருகி அழிந்தவற்றின் இடத்தை நிரப்புகின்றன. நெடுநாள் தொடர்ந்து சிற்றளவில் மருந்து கொடுத்தல் இத்தகைய தேர்வுக்கு மிகப் பொருத்தமான நிலையாகும். கால்நடைத் தீவனத்தில் நிகழ்ந்தது அதுவே.

இவ்வழக்கம் ஓர் எதிர்பாராத நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. 1948ஆம் ஆண்டின் இறுதியில், நியூ யோர்க் மாநிலத்திலுள்ள லெடலி ஆய்வுகூடத்தில், தொமஸ் ஜூக்ஸ், றொபேட் ஸ்ரொக்ஸ்ராட் என்னும் இருவர் கோழிக்குஞ்சுகளின் உணவுக்கு மலிவான விற்றமின் பீ-12 ஊற்றொன்றைத் தேடிக்கொண்டிருந்தனர். ஒறியோமைசின் என்னும் மருந்தை ஆக்கும் பூஞ்சணம் போன்ற நுண்ணுயிரை வளர்த்தபின் எஞ்சிய கழிவை அவர்கள் குஞ்சுகளுக்கு ஊட்டினர். விற்றமின் கொண்ட ஏனைய உணவுகளை உண்ட குஞ்சுகளிலும் இக்குஞ்சுகள் விரைந்து வளர்ந்தன. மிகுதி வளர்ச்சிக்குக் காரணம் கழிவில் எஞ்சியிருந்த மருந்தே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1950ஆம் ஆண்டில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்க அரசு, மிருக வைத்தியரின் சீட்டின்றி இம்மருந்துகளைத் தீவனத்திற் கலக்க இடமளித்தது. பிரித்தானியா 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் பெனிசிலினையும் ஒறியோமைசினையும் ஊட்ட அனுமதி வழங்கியது. போருக்குப் பிந்திய காலத்தில் இறைச்சியை மலிவாகப் பெருக்குதல் அரசுகளின் நோக்கமாயிருந்தது. ஆதலின் அவ்வனுமதியை அக்கால நிலையில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

எதிர்ப்பாற்றல் பண்ணைக்குள்ளேயே அடங்கிவிடும் என்று அந்நாளிற் கருதியோர் பலர். ஒரு கிருமியின் எதிர்ப்பாற்றல் அதன் வழித்தோன்றல்களுக்கே செல்லும் என்பது அக்கருத்தின் அடிப்படையாகும். இதனைத் தகர்த்தவர் யப்பானிய அறிஞர். அந்நாட்டில் வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாக் கிருமிகளுட் சில, 1950களின் நடுப்பகுதியில் ஒரே வேளையில் நான்கு மருந்துகளுக்கு எதிர்ப்புக் காட்டின. நான்கு ஆற்றல்களும் தனித்தனியே தற்செயலாக ஒரு கிருமியிற் சேர்தல் அரிது. 1959ஆம் ஆண்டில் ஒச்சியாய், அக்கீபா ஆகியோரின் ஆராய்ச்சிகள் இதற்கு விளக்கம் தந்தன. குடலில் வாழும் கோலைப் பற்றீரியா தன் எதிர்ப்பாற்றல் அனைத்தையும் அடுத்திருக்கும் சிகெல்லாவுக்கு நேரே கையளிக்கின்றது என்பதே அவர்கள் கண்ட உண்மையாகும். வத்தனாபே 1963ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையால் மேலைநாட்டார் இதனைப் பரவலாக அறிந்தனர். பிள்ளைக்குச் சொத்து விடுவதுபோலவே அயலானுக்கும் கொடுத்துதவும் இவ்வியல்பு அறியப்பட்டபின், பன்றியின் குடலில் வாழும் தீங்கற்ற கிருமியும் மனிதனுக்கு இடர் விளைக்கும் பொருளாயிற்று.

பண்ணையிலிருந்து மனிதனுக்கு இத்தகைய எதிர்ப்பாற்றல் செல்வதைப் பிரித்தானியாவில் எடுத்துக்காட்டியவர் இலண்டன் கொலின்டேல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஈ. எஸ். அண்டர்சன் ஆவர். 1960களின் நடுப்பகுதியிற் கன்றுகளிடையே சல்மனெல்லா தைபிமூரியம் என்னும் கிருமியால் நோய் பரவியது. பல பண்ணைகளிலிருந்து இளங்கன்றுகளை வாங்கி, நெருக்கமாய் அடைத்து, நாட்டின் பல பாகங்களுக்கும் அனுப்பிய வணிகமுறையே நோயையும் பரப்பியது. நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் கன்றுகளுக்குப் பல மருந்துகள் மாறிமாறிக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு மருந்துக்கும் கிருமி எதிர்ப்பாற்றலைச் சேர்த்துக்கொண்டே சென்றது. அக்கிருமிவகை மனிதரையும் பீடித்ததை அண்டர்சன் இனங்கண்டு காட்டினார். இக்கன்றுகள் பெற்றது வளர்ச்சிக்கான தீவன மருந்தன்று என எதிர்வாதம் செய்தோர் கூறினர். அக்கூற்றில் உண்மையுண்டு. எனினும், விலங்கின் உடலில் விளைந்த எதிர்ப்பாற்றல் மனிதனை வந்தடையும் என்பதை அது மறுக்கவில்லை.

இந்நிலையில், 1968ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத் தலைவரும் உயிரியலாளருமான மைக்கேல் சுவான் என்பவரின் தலைமையிற் பிரித்தானிய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1969ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. மருந்துகளை இரு கூறாகப் பிரித்தல் வேண்டும் என்பதே அதன் மையக் கருத்தாகும். மனிதருக்கும் விலங்குகளுக்கும் நோய் தீர்க்க வேண்டப்படும் மருந்துகள் ஒரு கூறு. அவற்றை வைத்தியரின் சீட்டின்றி வழங்கலாகாது. நோய் தீர்ப்பதிற் பெரிதும் பயன்படாதனவும், நோய் தீர்க்கும் மருந்தின் ஆற்றலைக் குறைக்காதனவுமாகியவை மற்றைக் கூறு. அவற்றை மட்டுமே வளர்ச்சிக்காகத் தீவனத்திற் கலக்கலாம். இதன்படி 1971ஆம் ஆண்டிற் பெனிசிலினும் தெத்திராசைக்கிளின் இனமும் பிரித்தானியாவிற் சுதந்திரமாகத் தீவனத்திற் கலக்கப்படுதல் நின்றது. மருந்துகளைப் பொதுச் சொத்தாகக் கருதிக் காக்க முனைந்த முதல் அரச ஆவணங்களுள் இது சிறப்பிடம் பெறுவதாகும்.

ஆயினும் அவ்வறிக்கை விளைத்த பயன் எதிர்பார்த்த அளவினதாக இல்லை. இதற்கு இரு காரணங்கள் கூறலாம். முதலாவது, வாயில் மூடப்பட்டபோதும் பலகணி திறந்தே இருந்தது. சீட்டு எழுத மிருக வைத்தியர் இசைந்தால் அதே மருந்தை நோய்த்தடுப்பு என்னும் பெயரால் மந்தை முழுமைக்கும் தீவனத்தில் ஊட்ட முடிந்தது. இரண்டாவது, மனித மருத்துவத்திற் பயன்படாத மருந்து என்று இன்று ஒதுக்கப்படுவது, நாளை பயன்படும் மருந்தொன்றுக்கு நெருங்கிய உறவாக இருத்தல் கூடும். தீவன மருந்து எனப் பிரித்துவைக்கப்பட்டவற்றை அவ்வாறு இடையறாது மீள ஆராயும் ஏற்பாடு வலுவுடன் அமையவில்லை. இக்குறையின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு. 1970களின் நடுப்பகுதியில் ஸ்ருவேட் லெவி என்னும் அறிஞர் மசச்சூசெற்ஸ் மாநிலப் பண்ணையொன்றில் முந்நூறு கோழிக்குஞ்சுகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார். அவற்றுட் பாதிக்குத் தெத்திராசைக்கிளின் இன மருந்து சிற்றளவிற் கலந்த தீவனமும், பாதிக்கு மருந்தில்லாத் தீவனமும் கொடுக்கப்பட்டன. ஒரு வாரத்துள் மருந்துண்ட கோழிகளின் குடற்கிருமிகள் ஏறத்தாழ முழுவதும் எதிர்ப்பாற்றல் பெற்றனவாயின. ஐந்தாறு மாதங்களிற் பண்ணையில் வாழ்ந்தோரிடமும் மாற்றம் தோன்றியது. எதிர்ப்புக் கிருமிகள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டிருந்த மாதிரிகள் பண்ணையாரிடம் 31.3 சதவீதமாகவும், அயலாரிடம் 6.8 சதவீதமாகவும் இருந்தன. பண்ணையார் எவரும் அம்மருந்தை உட்கொள்ளவில்லை. 1976ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவைத் தொடர்ந்து, 1977ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் பெனிசிலினையும் தெத்திராசைக்கிளினையும் தீவனத்திலிருந்து விலக்க முன்மொழிந்தது. காங்கிரசோ மேலும் ஆராய்க எனப் பணித்தது. ஆராய்ச்சிகள் தொடர்ந்தன, முடிவு மட்டும் வரவில்லை. 2011ஆம் ஆண்டில் அம்முன்மொழிவு நிறைவேறாமலே மீளப்பெறப்பட்டது. மனித மருத்துவத்திற்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்கெனப் பயன்படுத்துதல் அந்நாட்டில் ஓய்ந்தது 2017ஆம் ஆண்டு தொடக்கத்திலேயாம்.

இனி, சுவான் அறிக்கை காவாத பக்கத்திற்கு வருவோம். அவோபாசின் என்னும் மருந்து மனிதருக்கு வழங்கப்படுவதில்லை. ஆதலின் 1970கள் தொட்டு ஐரோப்பாவில் அது தீவன மருந்தாக விளங்கியது. அதன் நெருங்கிய உறவாகிய வன்கொமைசினோ, வேறு மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிரே மருத்துவமனைகளில் இறுதிப் படைக்கலமாக நாளடைவில் உயர்ந்தது. 1990களின் முற்பகுதியில் வன்கொமைசினுக்கு அடங்காத குடற்கிருமிகள் பண்ணை விலங்குகளிடத்துக் காணப்பட்டன. தென்மார்க்கில் 1994ஆம் ஆண்டில் மனிதருக்குச் செலவான வன்கொமைசின் 24 கிலோகிராம். விலங்குகளுக்குச் செலவான அவோபாசின் 24,000 கிலோகிராம். 1995ஆம் ஆண்டில் அந்நாடு அவோபாசினை விலக்கியது. அதே ஆண்டில் விலங்குகள், உணவு, மனிதர் என்னும் மூன்றிடத்தும் எதிர்ப்பாற்றலைத் தொடர்ந்து கணிக்கும் திட்டமொன்றையும் தொடங்கியது. இக்கணிப்பே பிற்கால விவாதங்களுக்கு விடை தந்தது. இறைச்சிக் கோழிகளிற் கண்ட எந்தரோகொக்கசுக் கிருமிவகையொன்றில் இவ்வெதிர்ப்பு 1995ஆம் ஆண்டில் 72.7 சதவீதமாயிருந்து, 2000ஆம் ஆண்டில் 5.8 சதவீதமாகக் குறைந்தது.

பன்றிகளில் அவ்வாறு குறையவில்லை. ஆராய்ந்தபோது, தைலோசின் என்னும் மற்றொரு தீவன மருந்துக்கான எதிர்ப்பும் வன்கொமைசினுக்கான எதிர்ப்பும் ஒரே மரபுப் பொருளிற் பிணைந்திருந்தமை புலனாயிற்று. ஒன்றைக் காத்த மருந்து மற்றதையும் காத்தது. 1998ஆம் ஆண்டளவிற் தைலோசின் குறைக்கப்பட்ட பின்னரே பன்றிகளிலும் எதிர்ப்புத் தணிந்தது. தென்மார்க்கு வளர்ச்சிக்கான மருந்துகள் அனைத்தையும் 1990களின் முடிவுக்குள் நிறுத்தியது. தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டிகளிடம் வயிற்றோட்டம் சிறிது மிகுந்து, நோய் தீர்க்கும் மருந்தின் தேவையும் ஓரளவு கூடியது. எனினும் மொத்த மருந்துச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பன்றி வளர்ப்பும் நலிந்துவிடவில்லை. தென்மார்க்குக்கு முன்னரே, 1986ஆம் ஆண்டில், சுவீடன் தன் உழவரின் வேண்டுகோளின்படியே இவ்வழக்கத்தை ஒழித்திருந்தது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நடுநிலை கருதி ஒன்று கூறல் வேண்டும். அமெரிக்காவில் அவோபாசின் ஒருபோதும் அனுமதிக்கப்படவில்லை. ஆயினும் அந்நாட்டு மருத்துவமனைகளில் வன்கொமைசினுக்கு அடங்காத கிருமிகள் மிகப் பெருகின. மனிதருக்கு அம்மருந்தை அளவின்றி வழங்கியமையே அங்குப் பெருங்காரணமாகும். ஆகவே பழி முழுவதையும் பண்ணையின்மீது சுமத்துதல் வரலாற்றுண்மையாகாது. ஒரே பொதுச் சொத்தைப் பண்ணையும் மருத்துவமனையும் ஆகிய இரண்டும் செலவழித்தன என்பதே பொருந்தும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அறிவு போதாமை தாமதத்தின் முழுக்காரணமன்று. எண்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே உண்மையான வழக்காயிருந்தது. தீவனத்திலிருந்து இன்ன நோயாளியின் மரணம் வரை ஒவ்வொரு கண்ணியையும் காட்டுக எனக் கேட்டோர், அதனைக் காட்டுதல் இயலாமையாற் பல ஆண்டுகள் வென்றனர். குடலிலிருந்து குடலுக்குக் கண்காணாது செல்லும் பொருளுக்கு அத்தகைய சான்று எளிதிற் கிடையாது. இவ்வழக்கு நீதிமன்றத்துக்கும் சென்றது. வேர்ஜினியாமைசின் என்னும் தீவன மருந்தின் அனுமதியை ஐரோப்பிய ஒன்றியம் நீக்கியதை அதன் உற்பத்தியாளர் எதிர்த்தனர். வெறும் ஊகம் போதாது. ஆயின் அறிவியல் மதிப்பீடு இடரைக் காட்டுமிடத்து, அவ்விடர் முழுவதும் வெளிப்படும் வரை காத்திராது அரசு செயற்படலாம் என 2002ஆம் ஆண்டில் ஐரோப்பிய முதனிலை நீதிமன்றம் தீர்த்தது. 2006ஆம் ஆண்டுத் தடை அதன் பின்னரே வந்தது.

வரலாறு அத்துடன் முடியவில்லை. கொலிஸ்ரின் என்னும் பழைய மருந்து, நஞ்சுத்தன்மை கருதி மனிதருக்கு அரிதாகவே வழங்கப்பட்டு, விலங்குகளுக்குப் பெருமளவில் ஊட்டப்பட்டது. பிற மருந்துகள் தோற்றபோது மருத்துவர் அதனையே மீண்டும் நாடினர். அம்மருந்துக்கான எதிர்ப்பும் கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவவல்லது எனச் சீன அறிஞர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவோபாசின் கற்பித்த பாடமே மறுமுறை கற்பிக்கப்பட்டது. ஆயினும் இம்முறை செயல் விரைந்து வந்தது. சீனா 2017ஆம் ஆண்டில் அதனை வளர்ச்சிக்காகத் தீவனத்திற் கலப்பதை நிறுத்தியது. 2019ஆம் ஆண்டில் இந்தியா உணவுக்கான விலங்குகளில் அதன் பயன்பாட்டைத் தடைசெய்தது. நாற்பது ஆண்டுத் தாமதம் இரண்டாகவும் நான்காகவும் சுருங்கியமை, முன்னோர் தொகுத்துவைத்த கணக்கும் வாதமும் வீண்போகவில்லை என்பதைக் காட்டும். நோய்க்கு மருந்து காண்பது ஆய்வுகூடத்தின் வேலை. கண்ட மருந்தை அடுத்த தலைமுறைக்கு எஞ்சவிடுவது கணக்கெழுதும் அலுவலரும் சட்டமியற்றுவோரும் கால்நடை வளர்ப்போரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலையாகும்.