கொடும்பாளூர்

கொடும்பாளூர், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலை ஊராட்சி ஒன்றியத்தில் அமைந்துள்ள ஓர் ஊராகும். இது புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 36 கி.மீ தொலைவிலும், திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ தொலைவிலும் உள்ளது. இன்று சிற்றூராகக் காணப்படும் இவ்வூர், முற்காலத்தில் இருக்குவேளிர் எனப்பட்ட குறுநில மன்னர்களின் தலைநகராக விளங்கியது. இங்குள்ள மூவர் கோயில், முற்காலச் சோழர் காலக் கட்டடக் கலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தஞ்சாவூர், மதுரை, மாமல்லபுரம் ஆகிய இடங்களைக் காணச் செல்லும் பயணிகளுள் மிகச் சிலரே கொடும்பாளூருக்கு வருகின்றனர். திருச்சிராப்பள்ளி - மதுரை நெடுஞ்சாலைக்கு மிக அருகில் இருந்தபோதிலும், இவ்வூர் பரவலாக அறியப்படாத வரலாற்று இடங்களுள் ஒன்றாகவே இருந்து வருகிறது.

அமைவிடம்

கொடும்பாளூர் விராலிமலைக்குத் தெற்கே சில கி.மீ தொலைவில் உள்ளது. மணப்பாறைக்குச் செல்லும் சாலையும் இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. பண்டைய நாட்டுப் பிரிவுகளின்படி இப்பகுதி கோனாடு என வழங்கப்பட்டது. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் நடுவே ஓடும் வெள்ளாற்றுக்கு வடக்கே உள்ள பகுதி கோனாடு என்றும், தெற்கே உள்ள பகுதி கானாடு என்றும் அழைக்கப்பட்டன.

சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் அமைந்திருந்ததே இவ்வூரின் சிறப்புக்கு முதற் காரணமாகும். உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்வோர் இவ்வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. வணிகரும் படைகளும் கடந்து சென்ற பெருவழியில் இருந்ததால், இதனை ஆண்ட குறுநில மன்னர்களின் நட்பை இரு பேரரசுகளும் நாடின.

இலக்கியங்களில் கொடும்பாளூர்

சிலப்பதிகாரத்தில் இவ்வூர் கொடும்பை என்னும் பெயரால் குறிப்பிடப்படுகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குச் செல்லும் வழியில், மாங்காட்டைச் சேர்ந்த மறையவன் ஒருவனைச் சந்திக்கின்றனர். கொடும்பையின் நெடிய குளக்கரையை அடைந்தால் அங்கிருந்து மதுரைக்குச் செல்லும் பாதை சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்று அவன் கூறுகிறான். வலப்பக்க வழி சிறுமலை வழியாகவும், இடப்பக்க வழி திருமாலிருஞ்சோலை வழியாகவும் செல்லும். இடைப்பட்டது மூன்றாவது வழியாகும். ஒரு பயண வழிகாட்டியைப் போன்று அமைந்துள்ள இப்பகுதி, காடுகாண் காதையில் இடம்பெற்றுள்ளது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவரான இடங்கழி நாயனார் கொடும்பாளூரிலிருந்து கோனாட்டை ஆண்ட மன்னராகக் கூறப்படுகிறார். சிவனடியார்களுக்கு அமுதளிக்க நெல் இல்லாத நிலையில், அடியார் ஒருவர் அரண்மனைக் களஞ்சியத்தில் நெல்லைத் திருடிப் பிடிபட்டார். அவர் திருடியதன் காரணத்தை அறிந்த மன்னர் அவரைத் தண்டிக்காது விடுவித்ததோடு, களஞ்சியத்தையும் கருவூலத்தையும் அடியார்கள் எடுத்துக்கொள்ளுமாறு திறந்துவிட்டார் என்பது அவரது வரலாறாகும்.

வரலாறு

இருக்குவேளிர்

கொடும்பாளூரை ஆண்டவர்கள் வேளிர் மரபைச் சேர்ந்தவர்கள். புறநானூற்றில் கபிலர் பாடிய இருங்கோவேள் என்னும் மன்னனின் மரபினரே பிற்காலத்தில் இருக்குவேளிர் எனப்பட்டனர் என்னும் கருத்தும் உண்டு.

இம்மன்னர்கள் பெரும்பாலும் பேரரசுகளுக்கு உட்பட்டே ஆட்சி செய்தனர். அவர்கள் தாங்கிய பட்டப் பெயர்களிலிருந்தே இதனை உணரலாம். "தென்னவன் இளங்கோவேள்" என்னும் பெயரில் பாண்டியருக்குரிய "தென்னவன்" என்ற சொல்லும், "செம்பியன் இருக்குவேள்" என்னும் பெயரில் சோழருக்குரிய "செம்பியன்" என்ற சொல்லும் இடம்பெற்றுள்ளன. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சோழர் வலிமை பெற்றபோது, இருக்குவேளிர் அவர்களின் உறுதியான துணைவர்களாயினர்.

இத்தொடர்பு மண உறவுகளாலும் வலுப்பெற்றது. முதலாம் பராந்தக சோழனின் மகனான அரிகுலகேசரி (அரிஞ்சய சோழன்), தென்னவன் இளங்கோவேளின் மகளான பூதி ஆதிச்ச பிடாரியை மணந்தான். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள திருச்செந்துறை சந்திரசேகரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் இவ்வரசியே ஆவார். கொடும்பாளூரைச் சேர்ந்த பராந்தகன் சிறியவேளான் என்னும் தலைவன், பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்படும் சுந்தர சோழனின் ஒன்பதாம் ஆட்சியாண்டில் ஈழத்துப் போரில் உயிரிழந்தான் என்பது கல்வெட்டால் அறியப்படுகிறது.

வணிகம்

பெருவழியில் அமைந்திருந்த கொடும்பாளூர், வணிக நகராகவும் திகழ்ந்தது. இடைக்காலத் தென்னிந்தியாவின் வணிகக் குழுக்களுள் ஒன்றான மணிக்கிராமத்தாரின் ஒரு பிரிவினர், கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் என்றே கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றனர். மணிக்கிராமத்தார் கடல் கடந்தும் வணிகம் செய்தவர்கள். தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில், அவனிநாரணம் என்னும் குளத்தின் பாதுகாவலர்களுள் மணிக்கிராமத்தாரும் ஒருவராகக் குறிக்கப்படுகின்றனர். அவர்கள் எவ்வூரைச் சேர்ந்தவர்கள் என்று அக்கல்வெட்டு கூறவில்லை.

மூவர் கோயில்

மூன்று விமானங்களைக் கொண்டிருந்தமையால் இக்கோயில் மூவர் கோயில் எனப் பெயர் பெற்றது. இதனைக் கட்டியவன் பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் மன்னன். தன் பெயரிலும், தன் தேவியரான கற்றளி, வரகுணை ஆகியோரின் பெயர்களிலும் மூன்று விமானங்களை எழுப்பி அவற்றில் மகேசுவரரை நிறுவினான் என்று இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

மூன்று விமானங்களும் மேற்கு நோக்கியவையாக, வடக்கு தெற்காக ஒரே வரிசையில் கட்டப்பட்டன. ஒவ்வொன்றின் அடிப்பகுதியும் ஏறத்தாழ 21 அடிப் பக்கம் கொண்ட சதுரமாகும். இவற்றுள் நடு விமானமும் தெற்கு விமானமும் மட்டுமே இன்று முழுமையாக நிற்கின்றன. வடக்கு விமானத்தின் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. விமானங்களுக்கு முன்னிருந்த அர்த்தமண்டபங்கள், மூன்றுக்கும் பொதுவான மகாமண்டபம், நந்தி மண்டபம், சுற்றிலும் அமைந்திருந்த சிறு சன்னதிகள், மதில் ஆகியவற்றின் அடித்தளங்களும் காணப்படுகின்றன.

இவ்வாறு மேற்பகுதிகள் அழிந்து அடித்தளங்கள் மட்டும் எஞ்சியிருப்பது ஒரு வகையில் பயணிக்கு உதவியாகவும் உள்ளது. முற்காலச் சோழர் கோயில்கள் பல, பிற்கால மண்டபங்களாலும் சுற்றுகளாலும் சூழப்பட்டு மாற்றம் அடைந்துள்ளன. மூவர் கோயிலில் அத்தகைய சேர்க்கைகள் இல்லாமையால், ஒரு கோயில் வளாகம் முதலில் எவ்வாறு திட்டமிடப்பட்டது என்பதைத் தரையில் வரைந்த படம் போல ஒரே பார்வையில் காண இயலும்.

சிற்பங்கள்

விமானங்களின் அடித்தளத்தில் தாமரை இதழ் வேலைப்பாடும், கூரை விளிம்பின் கீழே பூதகணங்களின் வரிசையும் காணப்படுகின்றன. சுவர்களிலும் மேல் தளங்களிலும் உள்ள மாடங்களில் அர்த்தநாரீசுவரர், வீணை ஏந்திய சிவன், கங்காதரர், யானையை உரித்த மூர்த்தி முதலிய சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மெலிந்த உடலமைப்பும் அளவான அணிகலன்களும் இச்சிற்பங்களின் இயல்புகளாகும். கொடும்பாளூரில் கிடைத்த சிற்பங்கள் சில சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் திரிபுராந்தகர், திரிபுரசுந்தரி சிற்பங்கள் புகழ் பெற்றவை.

கல்வெட்டும் காலமும்

நடு விமானத்தில் கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இருக்குவேளிரின் வழிமுறையை அறிவதற்கு இதுவே முதன்மைச் சான்றாகும். விக்கிரமகேசரியின் முன்னோர் பலரை இது வரிசைப்படுத்துகிறது. அவர்களுள் ஒருவன் வாதாபியை வென்றவன் என்று கூறப்படுகிறான். விக்கிரமகேசரியின் தந்தை சமராபிராமன், அதிராசமங்கலத்தில் சளுக்கியைக் கொன்றவன். சோழ இளவரசியான அனுபமாவை மணந்தவன். மதுரையைச் சேர்ந்த மல்லிகார்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றையும், 50 துறவிகளுக்கு உணவளிக்கப் பதினொரு ஊர்களையும் மன்னன் கொடுத்த செய்தியும் இதில் உள்ளது.

இக்கல்வெட்டில் ஆண்டோ, சோழ மன்னர் எவரின் ஆட்சியாண்டோ குறிக்கப்படவில்லை. எனவே கோயிலின் காலம் குறித்து அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உள்ளது. விக்கிரமகேசரி காவிரிக் கரையில் பல்லவர் படையை வென்றான் என்றும், வீரபாண்டியனை வென்றான் என்றும் கல்வெட்டு கூறுகிறது. பல்லவர் ஆட்சி 9ஆம் நூற்றாண்டின் இறுதியோடு சோழரால் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே முதற்செய்தியை அடிப்படையாகக் கொள்வோர் இவனை முதலாம் ஆதித்த சோழன் காலத்தவன் என்பர். சோழருடன் போரிட்ட வீரபாண்டியனோ 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவன். அச்செய்தியை அடிப்படையாகக் கொள்வோர் இவனைச் சுந்தர சோழன் காலத்தவன் என்பர்.

இவ்விரு கருத்துகளுக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு இடைவெளி உள்ளது. முதற்கருத்து சரியானால், மூவர் கோயில் சோழர் கலையின் தொடக்க நிலையைச் சேர்ந்ததாகும். இரண்டாவது சரியானால், அது தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சற்று முந்தைய தலைமுறையைச் சேர்ந்ததாகிவிடும். இதே பாணியில் அமைந்த பிற கோயில்களின் கால வரிசையும் இதனைப் பொறுத்து மாறும் என்பதால், இச்சிற்றூரின் கல்வெட்டு சோழர் கலை வரலாற்றில் பெரிதும் விவாதிக்கப்படுகிறது.

பிற சின்னங்கள்

முசுகுந்தேசுவரர் கோயில்: திருமுதுகுன்றமுடையார் கோயில் எனக் கல்வெட்டுகளில் வழங்கப்பட்ட சிவன் கோயிலாகும். 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகிமாலய இருக்குவேள் என்னும் தலைவனால் கட்டப்பட்டது. தொல்லியல் சின்னமாக மட்டும் பேணப்படும் மூவர் கோயிலைப் போலன்றி, இங்கு வழிபாடு நடைபெறுகிறது.

ஐவர் கோயில்: ஐந்தளி எனவும் வழங்கப்படும். நடுவில் ஒன்றும் நான்கு மூலைகளில் நான்குமாக ஐந்து சன்னதிகளைக் கொண்டிருந்த கோயிலின் அடித்தளம் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. இதற்கு அருகில் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட பெரிய நந்தி ஒன்று உள்ளது.

புதினத்திலும் திரைப்படத்திலும்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய பொன்னியின் செல்வன் புதினத்தின் வாயிலாகவே இன்றைய வாசகர் பலர் கொடும்பாளூரின் பெயரை அறிந்துள்ளனர். அதில் வரும் வானதி கொடும்பாளூர் இளவரசி; பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரி அவளது பெரிய தந்தை. மணிரத்னம் இயக்கத்தில் இரு பாகங்களாக 2022, 2023 ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படத்துக்குப் பின்னர் இப்பெயர் மேலும் பரவலாயிற்று.

புதினத்தையும் வரலாற்றையும் பிரித்து அறிதல் வேண்டும். சிறிய வேளார் ஈழத்தில் உயிர் நீத்ததும், சோழ குலத்துடன் இவ்வூருக்கு இருந்த மண உறவும் கல்வெட்டுச் சான்று உடையவை. வானதியின் குணநலன்கள், உரையாடல்கள் முதலியன ஆசிரியரின் கற்பனையாகும். விக்கிரமகேசரியைச் சுந்தர சோழன் காலத்தவனாகக் காட்டியதன் மூலம், மேற்கூறிய காலக் கணிப்புகளுள் பிந்தியதைக் கல்கி பின்பற்றியுள்ளார் எனலாம்.

பாதுகாப்பு

மூவர் கோயில் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளது. தொல் சின்னங்கள் தொடர்பான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இத்தகைய சின்னங்களின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடங்கள் கட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுவதற்கு முன் அனுமதி பெறுதல் வேண்டும். மண்ணுக்கு அடியில் இன்னும் புதைந்திருக்கக்கூடிய எச்சங்களைக் காப்பதற்கு இவ்விதி உதவுகிறது. அதே வேளையில், சின்னங்களை ஒட்டி வாழும் மக்கள் தம் வீடுகளை விரிவுபடுத்துவதற்கு இது தடையாகவும் அமைகிறது. ஊரோடு ஒட்டி நிற்கும் சின்னங்கள் அனைத்திலும் இவ்விரு தேவைகளும் எதிரெதிராகவே உள்ளன.

பயணிகளுக்கான குறிப்புகள்

விராலிமலை வரை திருச்சிராப்பள்ளியிலிருந்து பேருந்தில் சென்று, அங்கிருந்து கொடும்பாளூரை அடையலாம். தொடருந்தில் வருவோர் திருச்சிராப்பள்ளி - திண்டுக்கல் பாதையிலுள்ள மணப்பாறையில் இறங்கலாம். அருகிலுள்ள வானூர்தி நிலையம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது.

விமானங்கள் மேற்கு நோக்கியவை ஆதலால், முகப்பைக் காணவும் ஒளிப்படம் எடுக்கவும் மாலை வெயிலே ஏற்றது. கோடைக்காலத்தில் நண்பகல் வெப்பம் மிகுதி என்பதால் அவ்வேளையைத் தவிர்ப்பது நலம். அடித்தளக் கற்கள் மீது ஏறி நடப்பதும், கல்வெட்டு எழுத்துகளின் மீது சுண்ணக்கட்டி அல்லது மாவு பூசிப் படிப்பதும் அவற்றைத் தேய்வுறச் செய்யும்.

அருகிலுள்ள இடங்கள்

கொடும்பாளூருடன் சேர்த்துக் காணத்தக்க, அதிகம் அறியப்படாத ஊர்கள் பல இம்மாவட்டத்தில் உள்ளன.

விராலிமலை - குன்றின் மீது அமைந்த முருகன் கோயில். மயில்கள் மிகுந்த பகுதி.

சித்தன்னவாசல் - சமணக் குகைக் கோயில் ஓவியங்களும், ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன.

குடுமியான்மலை - இசை இலக்கணம் கூறும் பழமையான கிரந்தக் கல்வெட்டு உள்ளது.

நார்த்தாமலை - குன்றின் மீதுள்ள விசயாலய சோழீசுவரம், சதுர விமானத்துக்குள் வட்டக் கருவறை கொண்டது.

திருமயம் - கோட்டையும், அருகருகே குடையப்பட்ட சிவன், திருமால் குகைக் கோயில்களும் உள்ளன.

புதுக்கோட்டை - 1910இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் உள்ளது. கொடும்பாளூருக்குச் செல்வதற்கு முன்னர் இதனைக் காண்பது, இப்பகுதியின் சிற்பக் கலையை விளங்கிக்கொள்ள உதவும்.